ஒரு வருட நர்சிங் கோர்ஸில் அக்கா மகளைச் சேர்க்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாவுநூல் (அருப்புக்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். நான் தறி ஓட்டுகிறவன், இந்தப் படிப்பு விஷயமெல்லாம் எனக்குப் பிடிபடாது. அக்கா மகளுக்காகக் கேட்கிறேன்.

பிள்ளை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், 431 மார்க். படித்தது காமர்ஸ் குரூப். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள ஆசை. அப்புறம் ஏன் காமர்ஸ் எடுத்தாள் என்று கேட்காதீர்கள், பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் குரூப் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு கட்டடத்தின் மாடியில் இன்ஸ்டிடியூட் ஒன்று இருக்கிறது. 'ஒரு வருட டிப்ளமோ நர்சிங், மத்திய அரசு சான்றிதழ், 100 சதவீத வேலைவாய்ப்பு' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். எந்த குரூப் என்றாலும் சேரலாமாம். 38,000 ரூபாய், மூன்று தவணை. ஆறு மாதம் வகுப்பு, அடுத்த ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் ட்ரெய்னிங், அதற்கு மாதம் 4,000 கையில் தருவார்களாம். யூனிஃபார்மும் ஸ்டெதாஸ்கோப்பும் இலவசம். வெள்ளிக்கிழமைக்குள் ஐயாயிரம் அட்வான்ஸ் கட்டினால்தான் இடம் என்கிறார்கள்.

மச்சான் கேரளாவில் கொத்து வேலை. அக்காவுக்கு இதில் முழு சம்மதம், ஒரே வருடத்தில் பிள்ளை கையில் சம்பளம் வாங்கிவிடுவாள் என்பதால். எனக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது. நாலு வருடம், மூன்று வருடம் என்று படிக்கிறார்களே, இவர்கள் எப்படி ஒரு வருடத்தில் முடிக்கிறார்கள்? இதைப் படித்தால் அவள் நர்ஸா, இல்லையா?

மலைக்கோட்டை67

பி.எஸ்ஸி. நர்சிங் சேருங்கள் சார். மற்றதெல்லாம் வேஸ்ட். தமிழ்நாட்டில் அதற்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்தே கவுன்சிலிங். உங்களுக்குப் பக்கத்திலேயே மதுரை, சிவகங்கை, தேனி என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன.

பாவுநூல்

சார், காமர்ஸ் குரூப் என்று எழுதியிருக்கிறேனே. அதற்குக் கிடைக்குமா?

மலைக்கோட்டை67

ஓ, கவனிக்கவில்லை. அப்படியென்றால் கிடைக்காது. இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம்.

ராத்திரி ட்யூட்டி

தம்பி, முதலில் அந்த ஐயாயிரத்தைக் கட்டாதீர்கள். மீதியைப் பொறுமையாகப் பேசலாம்.

நான் மதுரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். தொண்ணூறுகளில் ஜி.என்.எம்., அதாவது பொது நர்சிங்கும் பிரசவம் பார்ப்பதும் சேர்ந்த டிப்ளமோ, முடித்தேன். கொஞ்ச காலம் தனியாரில் வேலை பார்த்து, அப்புறம் அரசுப் பணிக்கு வந்து, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. பட்டமும் படித்தேன். உங்கள் அக்கா மகள் மாதிரி பிள்ளைகள் வருடா வருடம் என் வார்டுக்கு வருகிறார்கள். சிலர் ஜி.என்.எம். மாணவிகளாக, சிலர் அந்த மாடி இன்ஸ்டிடியூட் யூனிஃபார்மோடு. பார்க்க இருவரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: இதைப் படித்தால் அவள் நர்ஸ் இல்லை. அந்த ஒரு வருடப் படிப்பு நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கானது. நர்ஸ் என்று ஒருவர் வேலை பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவத் தாதியர் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். இது நேற்று வந்த விதி இல்லை, 1926-லேயே மதராஸ் மாகாணத்தில் சட்டம் போட்டாயிற்று. அந்தப் பதிவுக்கு மூன்று படிப்புகள்தான் வாசல். ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்ஸி. நான்கு ஆண்டு. ஜி.என்.எம். நடுவில் கொஞ்ச காலம் மூன்றரை ஆண்டாக இருந்தது, இப்போது திரும்பவும் மூன்றுதான். ஒரு வருடத்தில் முடித்துப் பதிவு பெறும்படி ஒரு நர்சிங் படிப்பு நம் நாட்டில் இல்லை.

'மத்திய அரசு சான்றிதழ்' என்று சொல்வதில் முழுப்பொய் இல்லாமலும் இருக்கலாம். திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று ஒரு பயிற்சி உண்மையிலேயே இருக்கிறது. அது நோயாளியைப் பராமரிக்கும் உதவியாளருக்கான பயிற்சி, நல்ல பயிற்சியும்கூட. ஆனால் அதைக் காட்டி நர்ஸாகப் பதிய முடியாது. பேனரில் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் அவர்களிடம் நேரில் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'கடைசிப் பரீட்சையை யார் நடத்துகிறார்கள்?' ஜி.என்.எம். என்றால் கவுன்சிலின் தேர்வு வாரியம் நடத்தும். பி.எஸ்ஸி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்தும். 'நாங்களே நடத்தி நாங்களே கொடுப்போம்' என்றோ, நீங்கள் கேள்விப்படாத ஒரு டெல்லி அமைப்பின் பெயரையோ சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், போன வருடம் முடித்த ஒரு பிள்ளையின் ஆர்.என்.ஆர்.எம். எண்ணை, அதாவது கவுன்சில் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்று அவர்களிடம் இருக்காது.

இனி, ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு.

நான் தனியாரில் இருந்தபோது நடந்தது இது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ராத்திரி நேரம், இரண்டு வார்டுக்கு ஒரு நர்ஸ். பெரியவர் ஒருவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தோம். ரத்தப் பையை இரண்டு பேர் சரிபார்த்து, மாட்டிய பிறகு முதல் கால் மணி நேரம் நர்ஸ் அந்தக் கட்டில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அப்போதுதான் தெரியும். பக்கத்து வார்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறல் என்று கூப்பிடவே, நான் ஓட வேண்டியதாயிற்று. பெரியவர் பக்கத்தில் ஓர் அசிஸ்டென்ட் பிள்ளையை நிறுத்திவிட்டுப் போனேன். பத்தொன்பது, இருபது வயது இருக்கும், நல்ல பிள்ளை, நோயாளிகளிடம் முகம் சுளிக்காது. நான் திரும்பி வந்தபோது பெரியவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு போர்வையைப் போர்த்தி, அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. 'குளிருதுன்னு சொன்னாங்க சிஸ்டர்' என்றது.

ரத்தம் ஏறும்போது நடுக்கம் வந்தால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. நிறுத்திவிட்டு, டியூபை மாற்றி சலைன் ஓடவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டு, அந்தப் பையை ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டில் தாத்தாவுக்கு எதைச் செய்வாளோ அதைச் செய்தாள். பெரியவர் தப்பித்துவிட்டார், இரண்டாம் நாள் நன்றாகத்தான் இருந்தார்.

ஆனால் மறுநாள் விசாரணை வந்தது. டியூட்டி ரெஜிஸ்டரில் அந்தப் பிள்ளையை 'ஸ்டாஃப் நர்ஸ்' கணக்கில் எழுதியிருந்தார்கள். தினமும் அவளை ஊசி போட வைத்தார்கள், ட்ரிப் மாட்ட வைத்தார்கள், ஏனென்றால் பதிவு பெற்ற நர்ஸுக்குக் கொடுப்பதில் பாதிச் சம்பளம் போதும். பிரச்சினை என்று வந்ததும் 'அவள் நர்ஸே இல்லை, யார் அவளை அங்கே நிற்கச் சொன்னது' என்றார்கள். சாயங்காலத்துக்குள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். என் பெயர் கவுன்சில் பதிவேட்டில் இருந்ததால் என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள், நானும் எழுதிக் கொடுத்தேன், நர்ஸ் எண்ணிக்கை போதாது என்பதையும் சேர்த்து. அவளிடம் விளக்கம்கூட யாரும் கேட்கவில்லை.

இதனால்தான் சொல்கிறேன். பதிவு இல்லாத பிள்ளைக்கு நர்ஸ் வேலையைக் கொடுப்பார்கள், நர்ஸ் சம்பளத்தைக் கொடுக்க மாட்டார்கள், விவகாரம் என்று வந்தால் நர்ஸ் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

அசிஸ்டென்ட் வேலையைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது, யூரின் பையில் எவ்வளவு என்று பார்த்துக் காலி செய்வது, கையால் ஊட்டிவிடுவது, ஸ்ட்ரெச்சரில் ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது, இதெல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் வார்டு வார்டாக இருக்கும். புண் வராமல் ஒரு பக்கவாத நோயாளியை மூன்று மாதம் காப்பாற்றிய அசிஸ்டென்ட்களை எனக்குத் தெரியும், என் மரியாதை அவர்களுக்கு எப்போதும் உண்டு. உங்கள் அக்கா மகளுக்கு அந்த வேலைதான் வேண்டுமென்றால் தாராளமாகப் போகட்டும். ஆனால் நர்ஸ் ஆவதாக நினைத்துக்கொண்டு 38,000 கட்டிப் போக வேண்டாம்.

இப்போது காமர்ஸ் விஷயம். பி.எஸ்ஸி. கிடைக்காது, மேலே சொன்னது சரிதான். மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய அரசு செவிலியர் பள்ளிகளில் ஜி.என்.எம். இருக்கிறது, ஆனால் அங்கேயும் அறிவியல் குரூப் கேட்பார்கள். மிச்சம் இருப்பது தனியார் ஜி.என்.எம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அதற்குப் பிளஸ் டூவில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை, மற்றவர்களுக்குத் தடை இல்லை. ஏ.என்.எம்.முக்கும் எந்த குரூப் என்றாலும் சரி.

தனியார் பள்ளியில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். சொந்தமாக ஒரு மருத்துவமனை இருக்கிறதா, அதில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று காலை பதினோரு மணிக்குப் போய் ஓ.பி.யில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். நர்சிங் படிப்பில் பாதி கட்டில் பக்கத்தில்தான். ஆளில்லாத ஆஸ்பத்திரியில் பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகிய பிள்ளைகள், வேலைக்கு வந்த முதல் வாரத்தில் நரம்பு தேடிக் கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பள்ளி மாநில கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டரில் சொன்னால்கூட எடுத்துக் கொடுப்பார்கள்.

பணத்துக்கு ஒரு வழி. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலேயே வரும். அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழைப் பொறுத்துக் கல்வி உதவித்தொகையும் கேட்டுப் பாருங்கள்.

பிங்க் யூனிஃபார்ம்

சிஸ்டர் சொன்ன அந்தப் பிள்ளை மாதிரிதான் நானும். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஒரு வருட கோர்ஸ் முடித்து வந்தவள். என் அனுபவத்தையும் போடுகிறேன், அண்ணனுக்கு உதவும்.

கோர்ஸில் ஆறு மாத வகுப்பு என்பார்கள். எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு அக்கா வந்து நோட்ஸ் எழுதிப் போடுவார், அவரும் எங்களை மாதிரியே முடித்தவர். அப்புறம் ட்ரெய்னிங். அது ட்ரெய்னிங் இல்லை, வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கையில் நாலாயிரம். அந்த ஆறு மாதத்தில் ஊசி போடவும், நரம்பில் கேனுலா ஊசிக்குழாய் போடவும், சிறுநீர் போகும் கதீட்டர் குழாய் மாற்றவும் கற்றுக்கொண்டேன். சிஸ்டர்கள் பார்த்துச் சொல்லிக்கொடுத்ததுதான். கை நன்றாகப் பழகிவிட்டது, புது ஸ்டாஃப் நர்ஸுக்கு நரம்பு கிடைக்காவிட்டால் இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவர்கள் சேரும்போதே வாங்கும் சம்பளத்தை நான் இன்னும் தொடவில்லை. கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன், போடவும் கூடாது. நான் போட்ட ஊசிக்கு வேறொருவர் கையெழுத்துப் போடுவார். இதில் யாருக்கு நிம்மதி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலை பிடிக்கும், அதில் பொய் இல்லை. வீட்டு வேலைக்கு, மில் வேலைக்குப் போவதைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மேலே போக வழி இல்லை.

அப்புறம் அண்ணா, சான்றிதழ். பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டை இன்ஸ்டிடியூட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் நின்றால் முழுப்பணமும் கட்டினால்தான் தருவார்கள். எக்காரணம் கொண்டும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

சிஸ்டரிடம் ஒரு கேள்வி. எனக்கு இப்போது 33. பிளஸ் டூ பாஸ். இனிமேல் ஜி.என்.எம். சேர முடியுமா? இந்த அனுபவத்துக்கு ஒரு வருடமாவது கழிப்பார்களா?

ரியாத் பிரதர்

வெளிநாட்டுக் கனவு இருந்தால் அதையும் இப்போதே யோசித்துவிடுங்கள், பின்னால் முழிக்க வேண்டாம். நான் ஜி.என்.எம்., இங்கே வந்து சில வருடம் ஆயிற்று. சவுதியில் ஜி.என்.எம். முடித்தவர் டெக்னீசியன் கிரேடு, பி.எஸ்ஸி. முடித்தவர் ஸ்பெஷலிஸ்ட் கிரேடு. ஒரே வார்டு, ஒரே வேலை, சம்பளம் வேறு. அதனால்தான் சிஸ்டர் சொன்ன போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. முக்கியம், ஜி.என்.எம். பதிவுக்குப் பிறகு இரண்டு வருடம்.

அசிஸ்டென்ட் சான்றிதழை வைத்து 'துபாய் நர்ஸ் வேலை' என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். இங்கே வருவதற்கு முன் டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு உண்டு. நாம் கொடுக்கும் பேப்பரை அவர்கள் நம்ப மாட்டார்கள். படித்த பள்ளிக்கும், கவுன்சிலுக்கும், வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். அதற்கு மேல் ப்ரோமெட்ரிக் என்ற கம்ப்யூட்டர் தகுதித் தேர்வு. என் நண்பனுக்கு எல்லாம் சரியாக இருந்தும், முன்னால் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரி பதில் போடாததால் மாதக்கணக்கில் தொங்கியது. இங்கிலாந்து என்றால் வேறு கதை. ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. எல்லாவற்றுக்கும் அடித்தளம் நம்மூர் கவுன்சில் பதிவு எண்தான்.

ஏஜெண்டிடம் லட்சக்கணக்கில் கொடுக்கும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

ஒரு சின்ன வருத்தம்: ஏ.என்.எம். பெண்களுக்கு மட்டும், அரசு செவிலியர் பள்ளி டிப்ளமோவும் பெண்களுக்கு மட்டும். பையன்களுக்கு பி.எஸ்ஸி. இல்லையென்றால் தனியார் ஜி.என்.எம்.தான் கதி. எங்கள் வீட்டில் அதற்காக ஒரு ஏக்கர் போயிற்று. சரி, அது என் புலம்பல், விடுங்கள்.

ராத்திரி ட்யூட்டி

கோயம்புத்தூர்த் தங்கச்சிக்கு முதலில்.

சேரலாம்மா. ஜி.என்.எம்.முக்கு வயது வரம்பு 35. இந்த வருடம் விட்டால் நெருக்கிவிடும், அதனால் தள்ளிப்போடாதே. அனுபவத்துக்கு ஒரு நாள்கூடக் கழிக்க மாட்டார்கள், மூன்று வருடமும் முழுசாக உட்கார வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து 'நர்சிங் ஃபவுண்டேஷன்' வகுப்பில் படுக்கை விரிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள், கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே நீ இதுவரை செய்ததற்கெல்லாம் 'ஏன்' என்பது கிடைக்கும். உன் கை ஏற்கெனவே பழகியிருக்கிறது, அதுவே பெரிய சொத்து. ஒன்று மட்டும்: பதிவு கிடைக்கும் வரை இப்போது இருக்கும் இடத்தில் பொட்டாசியம், இன்சுலின், ரத்தம் இந்த மூன்றையும் தொடாதே. யார் சொன்னாலும் 'சிஸ்டர் வரட்டும்' என்று சொல். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பத்து மில்லி ஆம்பூல்தான், பார்ப்பதற்குச் சாதாரணத் தண்ணீர் ஆம்பூல் மாதிரி இருக்கும்.

ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைப்பது பற்றி நீ எழுதியது மிகச் சரி. படிக்கும் இடம் மட்டுமில்லை, வேலைக்குச் சேரும் ஆஸ்பத்திரியும் இதைச் செய்யும், இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்ட் எழுதி வாங்கும். அப்படி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது.

பாவுநூல் தம்பி, ரியாத் பிரதர் சொன்னதோடு உள்ளூர்ச் சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜி.என்.எம். முடித்தாலே சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு வேலை எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வரும், தொடக்கத்தில் தொகுப்பூதியம், அதாவது நிரந்தரம் ஆகும் வரை மாதம் ஒரே தொகை. 2023-ல் அதை 14,000-லிருந்து 18,000 ஆக்கினார்கள். நிரந்தரமாக எத்தனை வருடம் ஆகும் என்பது காலியிடத்தைப் பொறுத்தது. அதற்காகப் பிள்ளைகள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தனியாரில் அதைவிடக் குறைவாகக் கொடுக்கும் இடங்கள் ஏராளம். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு ஒரு குழு போட்டது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000-க்குக் குறையக் கூடாது, இருநூறுக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரை செய்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

ஏ.என்.எம். பற்றியும் யோசியுங்கள். அது கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான படிப்பு. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பிக்மி என்ற அரசுப் பதிவு எண் வாங்கித் தருவது, தடுப்பூசி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு எழுதிக் கொடுப்பது, குழந்தை எடை பார்ப்பது என்று ஊரே கையில் இருக்கும். அக்காவிடம் 'நம்ம ஊருக்கு வரும் நர்ஸம்மா வேலை' என்று சொன்னால் உடனே புரியும். அரசில் வேலை கிடைத்தால் மிக நல்ல வேலை. கிடைக்கும் வரை தனியார் ஆஸ்பத்திரியில் ஏ.என்.எம்.முக்கு மதிப்பு குறைவு, வெளிநாடும் கிடையாது. ஆனால் ஏ.என்.எம். பதிவு இருந்தால் பின்னால் ஜி.என்.எம். சேர வயது வரம்பே இல்லை. பண நெருக்கடி கடுமையாக இருந்தால் அப்படிப் படிப்படியாகவும் ஏறலாம். என்னைக் கேட்டால், இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜி.என்.எம். போகலாம்.

பாவுநூல்

அம்மா, ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் நானும் அக்காவும் போய்க் கேட்டோம். பரீட்சை யார் நடத்துவது என்று கேட்டதும் அங்கிருந்த பெண் உள்ளே போய் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் 'டெல்லியிலிருந்து வரும்' என்றார். டெல்லியில் யார் என்றதற்கு 'நீங்க பிள்ளையைச் சேர்க்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா' என்று கேட்டுவிட்டார். அக்காவுக்கு அதுவரை என் மேல்தான் கோபம், அந்த வார்த்தைக்கு அப்புறம் அவர் மேல் திரும்பிவிட்டது. அட்வான்ஸ் கட்டவில்லை.

விருதுநகர்ப் பக்கமும் மதுரையிலும் சில ஜி.என்.எம். பள்ளிகளைக் கவுன்சில் பட்டியலில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஓ.பி.யில் உட்கார்ந்து பார்க்கும் வேலையை நான் செய்கிறேன். பிள்ளை ஏதோ கேட்க வேண்டுமாம், போனைக் கொடுக்கிறேன்.

வணக்கம் சிஸ்டர், நான்தான். எனக்கு பயாலஜி பத்தாவதோடு சரி. அனாடமியெல்லாம் ஆங்கிலத்தில் இருக்குமாமே. காமர்ஸ் படித்தவள் என்னால் முடியுமா? ஃபெயில் ஆகிவிட்டால் மாமா பணம் போய்விடும்.

ராத்திரி ட்யூட்டி

முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும் கண்ணு. பயோசயின்ஸில் எலும்பு, தசை, நரம்பு என்று பெயர்களே மலை மாதிரி வரும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அறிவியல் குரூப் பிள்ளைகளுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும், உனக்குத் தெரிந்திருக்காது. சேர்வதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகம் ஆங்கில வழியில் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மனித உடல் பற்றிய பாடங்களை மட்டும் இறக்கி, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படி. வார்த்தைகள் கண்ணுக்குப் பழகினால் போதும்.

உனக்கு மற்றவர்களைவிடக் கை ஓங்கும் ஓர் இடமும் இருக்கிறது, கணக்கு. அறிவியல் பிள்ளைகள்கூட மருந்துக் கணக்கில் திணறுவார்கள். இதைப் போட்டுப் பார்: 500 மில்லி சலைன், ஆறு மணி நேரத்தில் ஓட வேண்டும். அந்த ட்ரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைப்பாய்?

பாவுநூல்

சிஸ்டர், 500 பெருக்கல் 20, பத்தாயிரம் சொட்டு. ஆறு மணி நேரம் 360 நிமிடம். 27.77 வருகிறது. 28 என்று வைத்துக்கொள்ளலாமா?

ராத்திரி ட்யூட்டி

28-தான். டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து வை. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் இந்த வாரமே போட்டுவிடு, அதுதான் இழுக்கும். எந்தப் பள்ளி என்று முடிவானதும் பெயரை இங்கே போடாமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு, அங்கே படித்த பிள்ளைகள் யாராவது என் வார்டில் இருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்கிறேன்.